நச்சுத் தூசி வேலைக்கு எந்தத் தடுப்புக் கருவி? தொடங்குபவர்களுக்கு ஒரு விளக்கம்

சுவரை உடைத்தாயிற்று. அறை முழுக்கப் புகைமூட்டம் போலத் தூசி. "கொஞ்ச நேரம் விடுங்க, படிஞ்சிடும், அப்புறம் பெருக்கிக்கலாம்" என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் அவர் சொன்னது சரி போலத்தான் தெரியும். காற்று தெளிந்திருக்கும். முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு விளக்குமாற்றை எடுப்பார்கள்.

கணக்கு வேறு மாதிரி. 2 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு துகள், அசையாத காற்றில் விழுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியைவிடச் சற்றுத் தடிமனான 100 மைக்ரான் துகள் பத்து விநாடிக்குள் தரைக்கு வந்துவிடும். 10 மைக்ரான் துகளுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். 1 மைக்ரான் துகளுக்கு ஏறக்குறைய 16 மணி நேரம்! இது தண்ணீரின் அடர்த்தி கொண்ட துகளுக்கான கணக்கு. கல்லும் கான்கிரீட்டும் அதைவிட இரண்டரை மடங்கு கனம் என்பதால் சீக்கிரம் விழும். அப்போதும் ஆறு மணி நேரம் ஆகும். அதுவும் காற்று அசையாமல் இருந்தால்தான். ஆள் நடமாடும் அறையில் காற்று எப்போது அசையாமல் இருந்தது?

ஒரு மணி நேரத்தில் படிந்தது, கண்ணுக்குத் தெரிந்த பெரிய தூசி மட்டும். தெரியாதது இன்னும் மிதந்துகொண்டிருக்கிறது. நுரையீரலின் அடி ஆழம் வரை போவது இந்தச் சின்னத் துகள்தான், பெரும்பாலும் 4 மைக்ரானுக்கும் கீழே உள்ளவை. பெரியவை மூக்கிலும் தொண்டையிலுமே சிக்கிக்கொள்ளும்.

எல்லாத் தூசியும் நச்சு இல்லை. ஆனால் நாலைந்து தூசிகளின் பெயர்களைக் கேட்டதும் கை தானாக நின்றுவிட வேண்டும். முதலில் ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நார். அது தரும் புற்றுநோய் தலைகாட்டவே 20 முதல் 50 ஆண்டுகள் ஆகலாம். அடுத்து கல், கான்கிரீட், டைல்ஸ் வெட்டும்போது பறக்கும் சிலிக்கா. அதனால் வரும் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய்க்குக் குணமாக்கும் மருந்து கிடையாது. அப்புறம் பழைய பெயிண்டில் உள்ள ஈயம், குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிப்பது. ஈரச்சுவரைப் பிரிக்கும்போது கிளம்பும் பூஞ்சண வித்துகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆரோக்கியமானவருக்கு அவை தும்மலோடு போகலாம், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த நோயாளி பக்கத்து அறையில் இருந்தால் அவர் உயிருக்கே ஆபத்து.

கெடுதல் செய்ய எவ்வளவு குறைந்த அளவு போதும் என்பதற்கு ஓர் எண். அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்பு விதிப்படி, 8 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் நுண் சிலிக்கா 50 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் கொண்ட அறையை எடுத்துக்கொண்டால், மொத்தக் காற்றிலும் சேர்த்து 3 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பில் நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைக் கண்ணால் பார்த்து மதிப்பிட முடியாது.

அடைப்பு என்றால் என்ன?

தூசி வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி பாலிதீன் ஷீட் கட்டி, டேப் ஒட்டி, ஜிப் வைத்த கதவு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதைத்தான் அடைப்பு என்கிறோம். பலரும் இதைத் தண்ணீர்த் தொட்டி மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள்: ஓட்டை இல்லாமல் ஒட்டிவிட்டால் போதும், உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும் என்று. நடைமுறையில் ஓட்டை இல்லாத அடைப்பை யாரும் கட்டியதில்லை. டேப் ஒரு மூலையில் விடும். ஸ்விட்ச் போர்டுக்குப் பின்னால் இருக்கும் பைப் வழியாகக் காற்று போகும். ஆள் உள்ளே போய் வரும்போது கதவே திறக்கும்.

அதனால் இந்தத் தொழிலில் ஓட்டையோடு சண்டை போடுவதில்லை. ஓட்டை வழியாகக் காற்று எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைத்தான் முடிவு செய்கிறார்கள். சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் முழு வேகத்தில் ஓடும்போது, பாதி திறந்த கதவு தானாகச் சாத்திக்கொள்வதைக் கவனித்திருக்கிறீர்களா? தாளிக்கும் நெடி கூடத்துக்கு வராமல், கூடத்துக் காற்று சமையலறைக்குள் போகிறது. அதே உத்திதான் இங்கேயும். அடைப்புக்குள் இருக்கும் காற்றை ஒரு மெஷின் இழுத்து, வடிகட்டி, கட்டடத்துக்கு வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். உள்ளே அழுத்தம் சற்றுக் குறையும். எந்தச் சந்து இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே வருமே தவிர, உள்காற்று வெளியே கசியாது. இதற்குப் பெயர் எதிர்மறை அழுத்தம்.

எவ்வளவு குறைய வேண்டும்? ஆஸ்பெஸ்டாஸ் வேலைக்குப் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சொல்வது ஏறக்குறைய ஒரே எண், குறைந்தது 5 பாஸ்கல். அரை மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம் அவ்வளவுதான். நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. காது அடைக்காது, கதவு இறுகாது. ஆனால் டிஷ்யூ பேப்பரை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, ஜிப் கதவின் சந்தில் பிடித்துப் பாருங்கள்: நுனி உள்பக்கமாக மடங்கி அப்படியே நிற்கும். ஷீட் சுவர்களும் உள்பக்கமாக லேசாகத் தொப்பை போட்டிருக்கும். தொப்பை வெளிப்பக்கம் தள்ளினால் வேலையை அந்த நிமிடமே நிறுத்த வேண்டும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதியவர்கள் அடிக்கடி தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. அடைப்பு காப்பாற்றுவது வெளியே இருப்பவர்களை. உள்ளே வேலை செய்பவருக்கு அது உதவி செய்வதைவிடக் கஷ்டம்தான் கொடுக்கும். பரவிப் போயிருக்க வேண்டிய தூசியையெல்லாம் அவரைச் சுற்றியே நிறுத்தி வைக்கிறது. ஆகவே நல்ல மெஷின் வாங்கினோம் என்று முகக்கவசத்தில் கஞ்சத்தனம் செய்யக் கூடாது. தூசி கிளம்பும் இடத்திலேயே அதைக் குறைப்பதும் முக்கியம். தண்ணீர் தெளித்து நனைப்பது, கல், சுவர் தேய்க்கும் கிரைண்டருக்கு உறை போட்டு வேக்குவம் இணைப்பது, இவை இரண்டும் செய்தால் பின்னால் வரும் எல்லாக் கருவிகளின் சுமையும் பாதியாகும் என்பது என் அனுபவம்.

வேலையின் அளவு

கருவி வாங்கப் போகிறவர்கள் முதலில் மெஷின் விலையைக் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது, தூசி கிளம்பும் இடம் எவ்வளவு பெரியது என்பது.

ஒரு பைப்பின் ஒரே ஒரு வளைவில் சுற்றியிருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் உறையை எடுக்க வேண்டும் என்றால் அறையையே மூட வேண்டாம். கையுறைப் பை என்று ஒன்று உண்டு: கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பை, உள்பக்கமாக நீட்டிக்கொண்டு இரண்டு கையுறைகள், உள்ளேயே கருவி வைக்க ஒரு சின்னப் பாக்கெட். பையைப் பைப்பைச் சுற்றிக் கட்டி, கையை நுழைத்து, உள்ளேயே நனைத்து, உள்ளேயே அறுத்து, கழிவோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிடலாம். ஒரு தடவைதான் பயன்படும். துடைத்து மறுபடி மாட்டக் கூடாது. அமெரிக்க விதி 65 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடான பைப்பில் இதைப் பயன்படுத்தத் தடை விதிக்கிறது, குறைந்தது இரண்டு பேர் சேர்ந்து செய்யவும் சொல்கிறது. பை உருகினாலோ ஒருவர் கை உள்ளே இருக்கும்போது டேப் விட்டாலோ என்ன ஆகும் என்று யோசித்தால் காரணம் புரியும்.

அதற்கு அடுத்த அளவு, ஒருவர் நின்று வேலை செய்யும் சிறு கூண்டு. மடக்கிய குடை மாதிரி விரியும் சட்டத்தில் ஷீட் மாட்டியவை கிடைக்கின்றன. சீலிங் பலகையைத் திறந்து வயர் இழுப்பது போன்ற வேலைகளுக்குச் சக்கரம் வைத்த கூண்டு வசதி. மேல் விளிம்பு சீலிங்கோடு ஒட்டி நிற்கும், வேலை முடிந்ததும் அடுத்த பலகைக்குத் தள்ளிக்கொண்டு போகலாம். ஆஸ்பத்திரி மாதிரி, மூட முடியாத கட்டடங்களில் இதுதான் கைகொடுக்கும். ஆனால் தள்ளிக்கொண்டு போவதற்கு முன் உள்பக்கத்தை வேக்குவம் செய்து துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் தூசியை ஊர்வலம் கூட்டிப் போன கதைதான்.

முழு அறை என்றால் கம்பமும் ஷீட்டும். ஷீட் தடிமனில் மிச்சம் பிடிக்க வேண்டாம். பிரிட்டனில் வழக்கமாகப் போடுவது 1000 கேஜ், அதாவது 250 மைக்ரான். அமெரிக்காவில் 150 மைக்ரான் வழக்கம். தீப்பிடித்தால் பரவாத ரகமாகப் பார்த்து வாங்குங்கள். உள்ளே மின்விளக்கும் மோட்டாரும் ஓடப்போகின்றன.

மெஷின்

எதிர்மறை அழுத்த மெஷின் பார்க்க எளிமையானது. ஒரு பெட்டி, உள்ளே ஒரு ஃபேன், முன்னால் வரிசையாக மூன்று வடிகட்டிகள். முதல் இரண்டும் பெரிய தூசியைப் பிடிக்கும் மலிவான தாள்கள், கடைசியில் நுண் தூசியைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி. பின்னால் காற்று வெளியேறும் வாய், அதில் மாட்ட வளையும் குழாய்.

அளவைத் தேர்ந்தெடுக்க ஒரு பெருக்கல் போதும். நம் 5 × 4 × 3 அறையின் கொள்ளளவு 60 கன மீட்டர். அறைக் காற்று முழுவதும் மணிக்கு எத்தனை தடவை மாற வேண்டும் என்பது அடுத்த எண்; ஆஸ்பெஸ்டாஸ் அடைப்புக்கு அமெரிக்க விதி குறைந்தது 4 தடவை, பிரிட்டனில் 8 தடவை. 8 என்று வைத்தால் மணிக்கு 480 கன மீட்டர். இதோடு நிறுத்திவிட்டு 500 என்று எழுதிய மெஷினை வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். பெட்டியின் மேல் அச்சிட்ட எண் பெரும்பாலும் புது வடிகட்டி, குழாய் மாட்டாத நிலை, இவற்றில் எடுத்தது. அரை நாள் வேலையில் முன் வடிகட்டி பழுப்பாகி, குழாய் இரண்டு வளைவு வளைந்த பிறகு அந்த எண் வராது. நான் அச்சிட்டதில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டே கணக்குப் போடுவேன். அப்படிப் பார்த்தால் இந்த அறைக்கு 720.

எட்டு தடவை எதற்கு, ஒரு தடவை மாறினாலே காற்று புதிதாகிவிடாதா என்று கேட்கலாம். ஆகாது. உள்ளே வரும் புதுக்காற்று பழைய காற்றோடு கலந்துகொண்டேதான் போகிறது. நன்றாகக் கலக்கும் அறையில் ஒரு மாற்றத்துக்குப் பிறகும் 37 விழுக்காடு பழைய தூசி மீதமிருக்கும். 99 விழுக்காடு போக நாலரை மாற்றத்துக்கு மேல் வேண்டும். மணிக்கு 8 என்றால் சுமார் 35 நிமிடம்.

ஒரு பெரிய மெஷினா, இரண்டு சின்ன மெஷினா? இரண்டு சின்னதுதான் என் கட்சி. படிக்கட்டில் தூக்க முடியும், அறையின் இரண்டு மூலையிலிருந்து இழுக்கலாம், ஒன்று நின்றுபோனாலும் மற்றொன்று ஷீட்டின் தொப்பையை உள்பக்கமே வைத்திருக்கும். மின்சாரம் போனால் இரண்டுமே நிற்கும் என்பது உண்மைதான். அதனால் காற்று திரும்பி வராமல் தானாக மூடிக்கொள்ளும் மடல் வெளிவாயில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எண்களெல்லாம் சரியாக இருந்தும் வேலை கெட்டுப்போவதற்கு இடம் ஒரு காரணம். ஒரு வேலையிடத்தில் புத்தம் புது மெஷினை ஜிப் கதவுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள், வயர் எட்டும் தூரம் என்பதால். அழுத்த மீட்டர் 8 பாஸ்கல் காட்டியது, எல்லோருக்கும் திருப்தி. காற்று போகும் திசையைக் காட்டும் புகைக் குப்பியை எடுத்து ஊதிப் பார்த்தோம். கதவு வழியாக வந்த புகை தரையோடு இரண்டு எட்டு வழுக்கிப் போய் நேராக மெஷின் வாய்க்குள் புகுந்தது. சுவர் உடைக்கும் தூர மூலையில் ஊதிய புகையோ, போக இடம் தெரியாமல் அங்கேயே சுருண்டு நின்றது. மெஷினை எதிர் மூலைக்கு மாற்றினோம். அதன் பிறகுதான் காற்று கதவில் நுழைந்து, அறையைக் கடந்து, வேலை செய்பவரின் முதுகைத் தொட்டு, தூசியையும் இழுத்துக்கொண்டு போனது. அழுத்த மீட்டர் இரண்டு தடவையும் ஒரே எண்ணைத்தான் காட்டியது.

கடையில் 'ஏர் ஸ்க்ரப்பர்' என்று ஒரு பெட்டியையும் காட்டுவார்கள். பல சமயம் இரண்டும் ஒரே பெட்டிதான். வெளியேறும் காற்றைக் குழாய் வழியாகக் கட்டடத்துக்கு வெளியே விட்டால் எதிர்மறை அழுத்த மெஷின். அதே அறைக்குள் திரும்ப விட்டால் ஸ்க்ரப்பர். ஸ்க்ரப்பர் தூசியைக் குறைக்கும், அழுத்தத்தை உண்டாக்காது. வாங்கும்போது குழாய் மாட்டும் வளையம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹெப்பா

அமெரிக்க வழக்கப்படி ஹெப்பா என்றால் 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்க வேண்டும். பத்தாயிரம் துகள் வந்தால் மூன்று தப்பலாம். ஐரோப்பிய முறையில் எச்13 என்பது 99.95, எச்14 என்பது 99.995 விழுக்காடு. 0.3-ஐவிடச் சின்னத் துகள் தாராளமாகத் தப்பிவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். வடிகட்டி சல்லடை மாதிரி வேலை செய்வதில்லை. பெரிய துகள் வளைந்து போக முடியாமல் இழையில் மோதுகிறது. மிகச் சின்னது காற்று மூலக்கூறுகள் இடித்துத் தள்ள, தள்ளாடித் தள்ளாடி ஏதாவது ஓர் இழையில் ஒட்டிக்கொள்கிறது. இரண்டு தொல்லையிலும் சிக்காமல் நழுவும் நடுத்தர அளவுதான் இந்த 0.3 சுற்றுவட்டாரம். பிடிக்கக் கஷ்டமான அளவில் சோதித்து எண் கொடுக்கிறார்கள். மற்றவை அதைவிட நன்றாகவே மாட்டும்.

'ஹெப்பா மாதிரி', 'ஹெப்பா தரம்' என்று மட்டும் எழுதி விழுக்காடு போடாத பெட்டிகளைத் தொடாதீர்கள். அதைவிட முக்கியம், வடிகட்டியின் ஓரத்தில் சந்து விடாமல் அடைக்கும் ரப்பர் கேஸ்கெட். வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள்; சட்டத்தின் சுத்தமான பக்கத்தில் ஒரு மூலையிலிருந்து பென்சிலால் தீட்டியது போல மெல்லிய சாம்பல் கோடு ஓடினால், காற்று வடிகட்டிக்குள் போகாமல் ஓரமாகச் சுற்றிப் போயிருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு 99.97 என்ற எண்ணுக்கு மதிப்பே இல்லை. வாடகைக்கு எடுக்கிறீர்கள் என்றால், கசிவுச் சோதனை எப்போது செய்தார்கள் என்ற சான்றைக் கேளுங்கள். கேட்டவுடன் முகம் மாறும் கடையில் எடுக்க வேண்டாம்.

வேக்குவம் கிளீனர்

வீட்டு வேக்குவம் கிளீனர் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. பெரிய தூசியைப் பைக்குள் வைத்துக்கொண்டு, நுண் தூசியைப் பின்வழியாக அறை முழுக்கத் தூவிவிடும். விளக்குமாறும் காற்று ஊதும் கம்ப்ரெசரும் இதே குற்றத்தைச் சத்தமாகச் செய்பவை.

ஐரோப்பிய தர வரிசையில் எல், எம், எச் என்று மூன்று வகுப்புகள். எல் வகுப்பில் 1 விழுக்காடு வரை தூசி தப்பலாம், சாதாரண வீட்டுத் தூசிக்குச் சரி. எம் வகுப்பில் 0.1 விழுக்காடு, கான்கிரீட், மரத்தூள் வேலைகளில் பார்ப்பது இதுதான். எச் வகுப்பில் 0.005 விழுக்காடு. ஆஸ்பெஸ்டாஸ், ஈயம், புற்றுநோய் தரும் மற்றத் தூசிகள் என்றால் எச்-ஐத் தவிர வேறு பேச்சே இல்லை. பையை மாற்றும்போது தூசி மேலே வராமல் உள்ளுக்குள்ளேயே மூட வழி இருக்கிறதா என்று கடைக்காரரைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

கருவியை மாற்றிவிடும் இரண்டு சங்கதிகள்

ஒன்று, எரியும் தூசி. அலுமினியம், மாவு, மரத்தூள், இவற்றின் நுண் தூசி காற்றில் கலந்திருக்கும்போது ஒரு பொறி பட்டால் வெடிக்கும். சாதாரண எச் வகுப்பு மெஷினின் மோட்டாரே அந்தப் பொறியைக் கொடுக்கலாம். பிளாஸ்டிக் குழாயில் ஓடும் தூசி நிலைமின்னூட்டத்தை ஏற்றிக்கொள்ளும். அங்கே வெடிப்புத் தடுப்புச் சான்று பெற்ற மெஷினும் மின்னூட்டத்தைத் தரைக்குக் கடத்தும் குழாயும் வேண்டும்.

இன்னொன்றை யாரும் எதிர்பார்ப்பதில்லை. பக்கத்தில் கேஸ் வாட்டர் ஹீட்டரோ, புகைபோக்கி வைத்த பாய்லரோ ஓடினால், நம் மெஷின் இழுக்கும் இழுப்பில் அதன் புகை மேலே போகாமல் கட்டடத்துக்குள் திரும்பலாம். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். மணமும் இல்லை, நிறமும் இல்லை. மெஷினை ஓட்டுவதற்கு முன் அவற்றை அணைத்துவிடுங்கள்.

உள்ளே போன ஆள் வெளியே வருவது

உடையோடும் செருப்போடும் தூசி வெளியே நடந்து வருமென்றால் எதிர்மறை அழுத்தத்தால் என்ன லாபம்? அதனால் ஆஸ்பெஸ்டாஸ் வேலைகளில் கதவுக்கு வெளியே மூன்று சின்ன அறைகளை வரிசையாக இணைப்பார்கள்: அழுக்கு உடை கழற்றும் அறை, குளியல், சுத்தமான உடை மாற்றும் அறை. மடக்கி எடுத்துப் போகும் வடிவில் இவையும் வாடகைக்குக் கிடைக்கின்றன. சின்ன ஈயப் பெயிண்ட் வேலைக்கு இவ்வளவு தேவைப்படாது. இரண்டு ஜிப் கதவுகளுக்கு நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம், ஒரு எச் வகுப்பு வேக்குவம், ஒரு குப்பைப் பை, ஈரத்துணி போதும். ஒரு கதவைச் சாத்திய பிறகே மற்றதைத் திறக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் அகற்ற உரிமம் பெற்றவர்களைத்தான் அழைக்க வேண்டும் என்று பல நாடுகளில் சட்டமே இருக்கிறது. உங்கள் இடத்து விதியை முதலில் விசாரித்துவிட்டு அப்புறம் கருவி வாங்கக் கிளம்புங்கள்.

வேலை முடிந்து, துடைத்து, காற்றுச் சோதனையும் தேறிய பிறகுதான் மெஷினை நிறுத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் கடைசியாக அணைவது அதுதான். அணைத்தவுடன் அது இழுக்கும் வாயை ஷீட் வைத்து டேப் போட்டு மூடிவிடுங்கள். மாடிப்படியில் இரண்டு பேர் பெட்டியைச் சாய்த்துத் தூக்கும்போது, வாரம் முழுக்க முன் வடிகட்டியில் சேர்ந்ததெல்லாம் அந்த வாய் வழியாகத்தான் கொட்டும்.